லிமாவ் ஐஸ் குமிழியும் பழைய டிவிப் புள்ளியும்

பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். படிவம் ஐந்து படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, பெருவெடிப்பை யாருமே பார்த்ததில்லை, ஆனாலும் நம்புகிறார்கள். மனிதனால் பூமி சூடேறுவதற்கு மட்டும் ஏன் இத்தனை சந்தேகம்?"

நியாயமான கேள்வி. இரண்டு துறைக்கும் சிக்கல் ஒன்றுதான். பூமி ஒன்று, பிரபஞ்சமும் ஒன்று. பக்கத்தில் இன்னொன்றைச் செய்து வைத்து ஒப்பிட முடியாது. அதனால் இரண்டுமே தடயம் தேடும் வேலை.

பிரபஞ்சவியலின் பெரிய தடயம் 1964இல் கிடைத்தது. பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் ஆன்டெனாவைச் சோதித்தபோது, எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே இரைச்சல். புறா எச்சத்தைக்கூடக் கழுவிப் பார்த்தார்கள், போகவில்லை. அது பெருவெடிப்பிலிருந்து ஏறத்தாழ 2.7 கெல்வின் (சுமார் -270 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலையில் எஞ்சியிருக்கும் ஆதி ஒளி. தாத்தா வீட்டுப் பழைய டிவியில், சேனல் இல்லாத இடத்தில் எறும்பு மாதிரி ஓடிய புள்ளிகளில் கொஞ்சம் அதுதான். பிரபஞ்சம் என்றும் இப்படியேதான் இருந்தது என்ற போட்டிக் கொள்கை அதற்குப் பின் எழுந்திருக்கவில்லை.

சரி, காலநிலைக்கு என்ன இருக்கிறது? அவளுடைய லிமாவ் ஐஸைக் காட்டினேன். ஐஸ் கட்டிக்குள் வெள்ளையாகச் சிறு குமிழிகள். அண்டார்டிகா பனியில் இப்படி அடைபட்ட காற்று 8 லட்சம் ஆண்டுக் கணக்கைச் சொல்கிறது. தொழிற்புரட்சி வரை, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 180 முதல் 300 பங்குக்குள்ளேயே ஏறி இறங்கியது. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315, இப்போது 420க்கு மேல்.

இது யார் விட்ட புகை என்பதற்கும் சாட்சி உண்டு. நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது. அந்தப் புகை கலக்கக் கலக்கக் காற்றில் கார்பன்-14இன் விகிதம் குறைகிறது. எனக்கு மிகப் பிடித்த சாட்சி வேறு. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அதுவோ குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் கீழே சூடு, மேலே குளிர் என்று மனாபே, வெதரால்ட் என்ற காலநிலை விஞ்ஞானிகள் 1967இலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

இரண்டிலும் ஓட்டை உண்டு. பிரபஞ்சம் விரியும் வேகம் ஒவ்வொரு மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கும் நொடிக்கு ஒரு முறையில் 67 கிலோமீட்டர், இன்னொரு முறையில் 73 என்று வருகிறது. காலநிலையில் மேகங்கள் தலைவலி. 2017 நவம்பரில் பினாங்கை மூழ்கடித்த மழை போன்ற ஒன்றில் சூடேற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாக ஆராய்ந்துதான் சொல்ல முடியும். ஆனால் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பது உறுதி.

காரணம் எது என்ற கேள்வியில் நான் காலநிலைச் சான்றின் பக்கமே நிற்பேன். பனி, கார்பன், மேலடுக்கு என்று ஒன்றையொன்று சாராத சாட்சிகள் ஒரே பதிலைச் சொல்கின்றன. பிரபஞ்சவியலிலோ, பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் இருப்பதை 1998இல் கண்டார்கள். அது என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை.

"குமிழிக்கு எத்தனை வயது என்று எப்படித் தெரியும்?" என்றாள். பனி அடுக்கையும் எரிமலைச் சாம்பலையும் வைத்துத்தான். இதில் காற்றுக்குப் பனியைவிட வயது குறைவு. பனி இறுகிக் குமிழியின் வாய் மூடும்வரை மேலிருந்து புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியையும் கணக்கிட்டுத்தான் வயது சொல்கிறார்கள்.