எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்: பத்து வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஆரம்பித்த குரூப் இது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் பகுதி. தெருப் பெயர் வேண்டாம். எந்த மாடியில் யார் தங்கியிருக்கிறார்கள், பால் பாக்கெட் எங்கே கிடைக்கிறது, படகு எந்த முனை வரை வருகிறது என்று கேட்டுச் சொல்லத்தான் தொடங்கினோம். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, நாசா எச்சரித்துவிட்டது என்ற புரளிகளும் அதே வாரத்தில் அதே குரூப்பில்தான் வந்தன. தண்ணீர் வடிந்த பிறகும் யாரும் கலைக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புகார் கொடுக்க இதைவிடத் தோதான கருவியை நான் பார்த்ததில்லை. மழைநீர் வடிகால் மூடி உடைந்து, அதில் யாரோ ஒரு முருங்கைக் கிளையைச் செருகிச் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார்கள். முன்பென்றால் அந்தக் கிளை காய்ந்து உதிரும் வரை அப்படியேதான் நிற்கும். இப்போது ஒருவர் படம் எடுத்துப் போடுவார். இன்னொருவர் மாநகராட்சி உதவி எண்ணான 1913க்கு அடித்துப் புகார் எண் வாங்கி அதற்குக் கீழேயே ஒட்டுவார். அடுத்த நாள் மூன்றாமவர் அதே எண்ணைச் சொல்லி, என்ன ஆச்சு என்று கேட்பார். ஒரே ஆள் நடையாய் நடந்தது போய், ஆளுக்கு ஒரு போன் என்றாகிவிட்டது. மூடி வந்தது. 2016இலிருந்து 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லாத காலத்தில் எங்களுக்கு வார்டு ஆபீஸ் இந்த குரூப்தான் என்று சொன்னால் மிகையில்லை.

2022 பிப்ரவரியில் 200 வார்டுக்கும் தேர்தல் நடந்த பிறகு கவுன்சிலரையும் சேர்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து குரூப்பின் பேச்சே மாறிப்போயிற்று. "எவன்யா இந்த ரோட்டைத் தோண்டினது" என்று எழுதியவர்கள் "வணக்கம், தங்கள் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கிறார்கள். பிளீச்சிங் பவுடர் தூவும் போட்டோவுக்கு நாற்பது கைகூப்பல். மரியாதை நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வார்டு மக்களிடம் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டம் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டபோது, கைகூப்பியவர்களில் பாதிப் பேரைக்கூடக் காணோம்.

புரளி விஷயம் தனி. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து போளூர்ப் பக்கம் போன ஒரு மூதாட்டியை அந்தச் சந்தேகத்திலேயே அடித்துக் கொன்றார்கள். அந்த வீடியோ எங்கள் குரூப்புக்கும் வந்தது. பேங்கில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமி மட்டும், "இது எந்த ஊர், எந்த ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன?" என்று எழுதினார். பதில் வரவில்லை. அதன்பின் எது வந்தாலும் அதே மூன்று கேள்வியை அவர் ஒட்டிவிடுவார். அதே ஆண்டு ஜூலையில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020இல் கொரோனா சமயத்தில், பலமுறை சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். வேகம் குறைந்தது உண்மை. அப்புறம் ஜனங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், எங்கள் தெருவில் அந்தக் கட்டுப்பாட்டைவிட மாமிதான் அதிகம் வேலை செய்திருக்கிறார்.

அரசியலுக்கு வருகிறேன். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியபோது எங்கள் பையன்கள் போனதும், அவர்களுக்குத் தண்ணீர் கேனும் பொட்டலச் சோறும் போனதும் இந்த குரூப் வழியாகத்தான். கட்சி, கொடி எதுவும் குறுக்கே வரவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ.பி.எஸ். தியானம், அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் ரிசார்ட் என்று மீம்கள் கொட்டத் தொடங்கின. இரண்டு வீட்டுக்காரர்கள் நேரில் பார்த்தால் முகம் திருப்புகிற அளவுக்குப் போனதும் அட்மின் சட்டம் போட்டார்: "இங்கே அரசியல் வேண்டாம்." இன்றைக்கும் குரூப் விவரத்தில் முதல் வரி அதுதான்.

அதற்கப்புறம் தெரு அமைதியாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த அமைதி அவ்வளவு பிடிக்கவில்லை. முனை டீக்கடையில் ஒரே தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்துப் படித்துவிட்டு, இரண்டு கட்சிக்காரர்களும் மாற்றி மாற்றிக் கத்திய காலம் எனக்குத் தெரியும். கத்தினாலும் இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே பேப்பர். இப்போது ஆளுக்கு ஒரு கட்சி குரூப், ஐடி விங் அனுப்புகிற வீடியோ, தலையாட்ட அதே நூறு பேர். அடுத்தவர் எதை நம்புகிறார் என்பதே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. வடிகாலும் லாரித் தண்ணீரும் ரோடும் அரசியல் இல்லையாம். அதையெல்லாம் தினமும் பேசலாமாம்! நல்ல வேடிக்கை.

பெரிய குறை இன்னொன்று. குரூப் ஆரம்பித்தது வீட்டு ஓனர்கள். வாடகைக்காரர்களைச் சேர்க்கவே ஒரு சண்டை நடந்தது. பின்பக்கச் சந்தில் இருப்பவர்கள் இதில் கிடையாது. இஸ்திரி வண்டி போடும் அக்கா, வீட்டு வேலைக்கு வருபவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாம் அங்கேதான். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் படம் போட்ட தெருவுக்கு முதலில் ஆள் வருகிறது. அந்தச் சந்தில் அதே மாதிரி உடைந்த மூடி அப்படியே கிடந்தது. இஸ்திரி அக்கா என் போனை வாங்கி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "சார், எங்க சந்துக்கு மூணு நாளா லாரி வரல, கேட்டுச் சொல்லுங்க." சாயந்தரமே லாரி வந்தது.

செட்டிங்ஸில் மியூட், ஆட்டோ டவுன்லோட் ஆஃப். இந்த இரண்டும் போட்டுவிட்டால் ரோஜாப்பூ குட்மார்னிங்கிலிருந்து தப்பலாம். மழைக்காலத்தில் மட்டும் மியூட்டை எடுத்துவிடுங்கள். வெளியேறச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சந்தில் இருப்பவர்களையும் சேர்க்கலாமா என்று அட்மின் குரூப்பிலேயே ஓட்டெடுப்பு வைத்தார். சேர்த்தாயிற்று. "அவங்களுக்குத் தனி குரூப் போட்டுக் கொடுத்திருக்கலாமே" என்று நாலு பேர் இன்னும் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.