எலெக்ட்ரானா, டௌரியா?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தெரியும்; நோட்பேட் மாதிரி சின்னதாக ஒரு டெஸ்க்டாப் ஆப் செய்ய வேண்டும். வெப் பக்கத்தை டெஸ்க்டாப் ஆப்பாக்கும் கருவிகள் எலெக்ட்ரானும் டௌரியும். எதில் செய்யலாம் என்று கேட்டால் எல்லாரும் முதலில் அளவைத்தான் பேசுவார்கள். எலெக்ட்ரானில் வெறும் 'வணக்கம்' காட்டும் ஆப்கூட நூறு எம்பியைச் சுலபமாகத் தாண்டும், டௌரியில் சில எம்பியில் முடியும். உண்மைதான். ஆனால் அளவைவிட, ஆப்புக்குள் பக்கத்தைக் காட்டும் பிரவுசர் யார் பொறுப்பு என்பதுதான் முக்கியம்.

2013-ல் கிட்ஹப்பில் ஆட்டம் எடிட்டருக்காகப் பிறந்தது எலெக்ட்ரான். குரோமியத்தையும் (குரோம் பிரவுசரின் அடிப்படை) நோட் ஜேஎஸ்ஸையும் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவது) மூட்டை கட்டி ஆப்போடு அனுப்பிவிடும். உங்கள் கணினியில் தெரிவதுதான் எல்லார் கணினியிலும் தெரியும். அதற்கு விலை உண்டு: குரோமியத்தில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் புது வெர்ஷன் அனுப்புவது உங்கள் வேலை. எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் வரும்; கடைசி மூன்றுக்குத்தான் ஆதரவு. எழுதிவிட்டு மறந்துபோகிற ஆள் என்றால் இது சிக்கல்.

டௌரி கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிரவுசர் இன்ஜினை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் வெப்வியூ2, அதாவது குரோமியம். மேக்கிலும் லினக்ஸிலும் வெப்கிட், அதாவது சஃபாரியின் இன்ஜின். ஓட்டையை அடைப்பது அந்த இன்ஜினைத் தருகிறவர்கள் பாடு. ஆனால் பழைய மேக்கில் பழைய வெப்கிட்தான் இருக்கும். விண்டோஸில் அழகாக நின்ற லேஅவுட் அங்கே கலைந்தால் திட்டு உங்களுக்குத்தான். இன்னொன்று, விண்டோஸில் ஓடுவதும் குரோமியமே என்பதால் டிஸ்க்கில் மிச்சமாகும் அளவுக்கு ரேமில் மிச்சமாகாது.

'சேமி' பட்டனை எடுத்துக்கொள்வோம். எலெக்ட்ரானில் பட்டன் இருக்கும் பக்கம், இயல்பான அமைப்பில், டிஸ்க்கை நேரடியாகத் தொட முடியாது. பிரீலோட் ஸ்கிரிப்ட் என்ற இடைத்தரகர் வழியாக, ஆப்பை நடத்தும் மெயின் பிராசஸுக்குச் செய்தி போகும். அது டயலாக் திறந்து கோப்பை எழுதும். சுற்றுவழிதான், ஆனால் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். டௌரி 2-ல் டயலாக், எஃப்எஸ் (கோப்புகளைக் கையாள்வது) என்று இரண்டு பிளகின் போட்டு, எதற்கெல்லாம் அனுமதி என்று சொல்லும் கேப்பபிலிட்டீஸ் கோப்பில் அனுமதி எழுத வேண்டும். அதை விட்டால் பட்டனை அழுத்தியதும் அனுமதி இல்லை என்று எர்ரர். டௌரியின் உள்வேலை நடக்கும் ரஸ்ட் மொழியை அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆனால் நிறுவியாக வேண்டும், முதல் பில்டுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்தவரின் முதல் ஆப் என்றால் எலெக்ட்ரான் என்பேன். பலருக்கும் டவுன்லோடு கொடுக்கப்போகும் சின்னக் கருவிக்கு டௌரி. பயனர்கள் எல்லாரும் குரோமோ எட்ஜோதான் வைத்திருக்கிறார்கள் என்றால் பிடபிள்யூஏவே (பிரவுசரிலிருந்தே ஆப் போல நிறுவிக்கொள்ளும் வெப்சைட்) போதும். அவர்கள் தேர்ந்தெடுக்கும் கோப்பிலேயே நேரடியாகச் சேமிக்கும் வசதி அதில் உண்டு. ஃபயர்பாக்ஸில் அது கிடையாது.