அந்தமானில் தனிக் குடில் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 42,500 ரூபாய் போய்விட்டது

நேற்று இரவுதான் சென்னைக்குத் திரும்பினோம். இன்னொரு குடும்பம் பணம் கட்டுவதற்கு முன்னால் இது அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே பெட்டியைக்கூடப் பிரிக்காமல் எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாத ஓர் இடத்தில் ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. தீவுகளில் உள்ள குடில்களை முன்பதிவு செய்து தரும் ஓர் இணையதளத்தில், மத்திய அந்தமானின் லாங் ஐலண்டில் ஒரு மூங்கில் குடிலைக் கண்டோம். மின் இணைப்பு இல்லை, சோலார் விளக்கு உண்டு; குழாய் நீர் இல்லை, மழைநீர்த் தொட்டி உண்டு; விறகடுப்பில் நாமே சமைத்துக்கொள்ளலாம்; சிக்னல் கிடைக்காது, அதுவே இந்த இடத்தின் சிறப்பு என்று எழுதியிருந்தார்கள். வாடகை 30,000 ரூபாய், படகுக்கும் மளிகைக்கும் 12,500 ரூபாய், ஆக 42,500 ரூபாயையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள்.

குடிலைப் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் மத்திய அந்தமானில் உள்ள ரங்கத் என்ற ஊரிலிருந்து பேசினார். அந்தமானில் தமிழர்கள் நிறைய இருப்பதால் அவர் தமிழில் பேசியதில் வியப்பில்லை. ஆனால், "அம்மாவையும் தைரியமா கூட்டிட்டு வாங்கக்கா, படகுல ஏத்தி இறக்க நான் இருக்கேன்" என்று அவர் சொன்னபோது, வரமாட்டேன் என்று அதுவரை பிடிவாதமாக இருந்த என் மாமியாரே சம்மதித்துவிட்டார். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. தொட்டியின் குழாயை அவர் திறக்க, தண்ணீர் பித்தளைக் குடத்தில் விழுந்து நிரம்பி வழிந்தது. அதைப் பார்த்துத்தான் அன்று மாலையே பணத்தை அனுப்பினோம்.

போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, இருட்டோடு கிளம்பி, ஜிர்காதாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் வழியே வரிசையாக அனுப்பப்படும் வண்டிகளோடு பாராடாங் தீவைக் கடந்து ரங்கத்துக்குப் போய், அங்கே எரட்டா துறையில் படகு ஏற வேண்டும். ஏற்றி இறக்க இருக்கிறேன் என்றவர் துறையிலும் இல்லை, தீவிலும் இல்லை. மாமியாரை அரசுப் படகிலிருந்து கைத்தாங்கலாக இறக்கியவர்கள் முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள்.

தொட்டியின் அடியில் பாசி பிடித்த தண்ணீர் ஒரு சாண் அளவுக்குக் கிடந்தது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்வரை மழைநீரை மட்டும் நம்பியிருக்கும் தொட்டி வற்றத்தான் செய்யும் என்பது குடில் நடத்துபவர்களுக்குத் தெரியாதா? அந்தக் காணொளி மழைக்காலத்தில் எடுத்தது. இருட்டியதும் விளக்குகள் மங்கி அணைந்தன. என் கணவர் பேட்டரியைத் திறந்து பார்த்தார். டெர்மினலில் பச்சைப் பொடி பூத்திருந்தது, உள்ளே தகடுகள் வெளியே தெரியுமளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் வற்றியிருந்தது. மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில், இரவு முழுவதும் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். மளிகை என்று வந்தது ஒரு பை அரிசியும் கொஞ்சம் வெங்காயமும்தான். துறைமுகத்தருகே வசிக்கும் ஒரு குடும்பம் தங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்திராவிட்டால் என்ன செய்திருப்போமோ தெரியவில்லை.

ரங்கத்துக்குத் திரும்பி வந்து அந்த ஆளை அழைத்தபோது, "தீவு வாழ்க்கைன்னா அப்படித்தான்க்கா" என்றார். அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. இணையதளத்தின் பதில் அதைவிடக் கேவலமானது. குறை இருந்தால் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் செயலியின் வழியே படத்துடன் தெரிவித்திருக்க வேண்டுமாம். நாங்கள் தெரிவிக்காததால் 30,000 ரூபாய் திரும்பக் கிடைக்காதாம். சிக்னல் கிடைக்காது என்று விளம்பரம் செய்து விற்ற இடத்திலிருந்து செயலியில் எப்படிப் புகார் செய்வது என்று கேட்டால், "உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். மீதி 12,500 ரூபாயை அந்த ஆளுக்கு நேரடியாக அனுப்பியதால் அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லையாம். அந்த எண்ணைக் கொடுத்ததே அவர்கள்தான்! இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு வருடமாகச் சேர்த்த 42,500 ரூபாய் இது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால் அதையும் செய்யப் போகிறோம்.

போகிறவர்கள் முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். காணொளி கேட்டால், அன்றைய செய்தித்தாளைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். புகாருக்கான கால வரம்பைப் பணம் கட்டுவதற்கு முன்பே படியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வயதானவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால் ரங்கத்தில் ஓர் அறையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.