பத்து வருசமா வாங்கின மியூசிக் சாமான்ல எது நின்னுச்சு, எது போச்சு: ஹட்டன் ஈரத்துல ஒரு பாவனை அனுபவம்

வாங்கி ஒரு வாரத்துல எழுதுற ரிவ்யூ நிறையவே இருக்கு, பெட்டிய பிரிச்சு நாலு கோர்ட் அடிச்சுட்டு சவுண்ட் சூப்பர்னு முடிச்சிடுறாங்க. அதே சாமான் நம்ம மலையில ரெண்டு மூணு மழைக்காலம் தாண்டின பிறகு எப்பிடி இருக்குன்னு தமிழ்ல யாரும் எழுதி நான் பார்க்கல, அதுக்குத்தான் இது.

நான் இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பக்கத்துல கட்டின ரெண்டு அறை வீடு, தகரக் கூரை, ஸ்கூல்ல படிப்பிக்கிறேன். கிட்டார் வாசிக்கிறது ஆசைக்குத்தான், கோயில் பஜனை, கல்யாண வீடு, ஸ்கூல் விழான்னு கூப்பிடுற இடத்துக்கு நாலு பேரா போவோம், வர்ற சல்லி போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போயிடும். 2015ல இருந்து வாங்கினதுக்கெல்லாம் பில்லு வச்சிருக்கேன், மொத்தம் பதினொரு பில்லு.

முதல் பில்லு யமஹா எஃப் 310 கிட்டார். அப்போ 22,000 ரூபா குடுத்தேன். அந்த வருசம் தோட்டத்துல ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, எல்லாம் சேர்த்து 620 ரூபா கூலி, அம்மா அப்போ கொழுந்து மலைக்கு போய்க்கிட்டிருந்தாங்க, அதனால நான் எதை வாங்கினாலும் மனசுக்குள்ள அம்மாவோட எத்தனை பேருன்னு ஒரு கணக்கு ஓடும், அந்த கிட்டார் 35 பேருக்கு மேல. அம்மா ஒண்ணும் சொல்லல, சீட்டு விழுந்த காசுல பாதிய எடுத்து குடுத்தாங்க. அந்த கிட்டார் இன்னும் இருக்கு, தினமும் வாசிக்கிறது அதைத்தான், அதோட கதைக்கு கடைசியா வாறேன்.

அதுக்கு பிறகு ஆரம்பிச்சதுதான் இந்த வாங்குற ஆசை. கிட்டார்காரங்க மத்தியில இதுக்கு ஒரு பேரே இருக்கு, கேஸ்னு சுருக்கமா சொல்லுவாங்க. ஸ்டீலி டேன் குரூப்புல இருந்த வால்டர் பெக்கர் 90கள்ல கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம், கிட்டார் வாங்கிக்கிட்டே இருக்கிற வியாதின்னு எழுதினது, அதோட முதல் எழுத்துதான் கேஸ் (GAS), பிறகு கிட்டாருங்கிற இடத்துல கியர்னு மாறிடுச்சு. பேரு எங்கிருந்து வந்தாலும் அந்த உணர்வு எனக்கு நல்லா தெரியும், ராத்திரி ஃபோன்ல வீடியோ பார்த்துக்கிட்டே இருப்போம், அந்த ஆளு ஒரு பெடலை மிதிச்ச உடனே சவுண்ட் மாறும், நம்ம சவுண்ட்ல இல்லாதது அதுதான்னு மனசு முடிவு கட்டிடும், அப்புறம் தூக்கம் வராது.

2017ல ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், செகண்ட் ஹேண்ட், கம்பியோட அதிர்வ பிடிக்கிற பிக்அப் சிங்கிள் காயில் வகையில மூணு உள்ளது, கூடவே சத்தத்த பெருக்குற 20 வாட் ஆம்ப் ஒண்ணு. வீட்டுக்கு கொண்டுவந்து போட்ட உடனே உர்ர்ருன்னு ஒரு இரைச்சல். சிங்கிள் காயில்னா கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், கரண்டோட 50 ஹெர்ட்ஸ அது ஏரியல் மாதிரி பிடிக்கும், கிட்டாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினா கூடும் குறையும். ஆனா இது அந்த அளவு இல்ல, வாசிக்கிறதே கேக்காத அளவு. நான் என்ன செஞ்சேன்னா கொழும்புல இருந்து நொய்ஸ் கேட் பெடல் ஒண்ணு எடுப்பிச்சேன். கேட் என்ன செய்யும்னா நீங்க வாசிக்காம இருக்கிறப்போ சத்தத்த மூடிடும், வாசிக்க ஆரம்பிச்சா கதவு திறந்துடும், இரைச்சலும் சேர்ந்து உள்ள வந்துடும். மூணு மாசம் அதோட மல்லுக்கட்டினேன், பிறகு கேபிள் மாத்தினேன், பிறகு பவர் அடாப்டர் மாத்தினேன், அந்த ரெண்டுக்கும் பில்லு இருக்கு.

ஒரு நாள் வீட்டுல பிராக்டிஸ் பண்றப்போ எங்க பாடகன் தம்பி கிட்டாரை மாட்டிக்கிட்டே மைக்கிட்ட வாய கொண்டு போனான், உதட்டுல சுள்ளுன்னு அடிச்சு பின்னாடி விழுந்துட்டான். நல்ல காலம், ஒண்ணும் ஆகல. அடுத்த நாளே வயரிங் வேலை செய்யுற அண்ணன் ஒருத்தர கூட்டிட்டு வந்து காட்டினேன். அவர் பிளக் பொயிண்ட கழட்டி பார்த்துட்டு, "தம்பி, மூணு ஓட்டை இருக்கு, எர்த் வயரே இல்லையே"ன்னார். வீட்டுக்கு பின்னால செம்புக் கம்பி ஒண்ணு அடிச்சு எர்த் இழுத்து, ட்ரிப் சுவிட்சும் போட்டுக் குடுத்தார், நொய்ஸ் கேட்டுக்கு நான் குடுத்ததுல பாதிக்கும் குறைவு. இரைச்சல் முக்காவாசி போயிடுச்சு. இத வாசிக்கிறவங்க வேற எதையும் எடுக்காட்டியும் இதை எடுத்துக்கங்க, பழைய லயத்து வீட்டுல ஆம்ப் போடுறதுக்கு முன்னாடி எர்த் இருக்கான்னு பாருங்க, இது சவுண்ட் விசயம் மட்டும் இல்ல, உசிரு விசயம்.

பெடல்ல நின்னது ஒண்ணே ஒண்ணுதான், பாஸ் டிஎஸ்-1, சவுண்ட கரகரப்பாக்குற அந்த ஒரேஞ்ச் நிற டிஸ்டோர்ஷன். 1978ல வந்தது, இன்னும் விக்கிறாங்க. ஏழு வருசமா ஈரத்துலயும் தூசியிலயும் கிடந்து இன்னிக்கும் வேலை செய்யுது, பற்றறி பெட்டியை வருசத்துக்கு ஒரு தடவை துணியால துடைப்பேன், அவ்வளவுதான். மத்த பெடல் மூணும் போயிடுச்சு, வித்துட்டேன், எனக்கு அதுல வருத்தமும் இல்ல.

இனி பெரிய விசயத்துக்கு வாறேன். 2019ல ஒரு சொலிட் டாப் அகூஸ்டிக் வாங்கினேன், பில்லுகள்லயே பெரிய பில்லு அதுதான். சொலிட் டாப்னா மேல் பலகை ஒரே மரம், எஃப் 310 மாதிரி ஒட்டுப்பலகை இல்ல, சவுண்டும் வித்தியாசம், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன், கடையில அந்த ஈ மைனர நான் அடிச்சப்போ நெஞ்சுக்குள்ள இறங்கிச்சு. மார்ச்ல வாங்கினேன். ஜூலை வந்தப்போ வாசிக்கவே ஏலாது. கழுத்துல குறுக்கா உள்ள உலோகக் கட்டுதான் ஃப்ரெட், பன்னிரெண்டாவது ஃப்ரெட்ல கம்பி 4 மில்லிமீட்டருக்கு மேல தூக்கிடுச்சு, சாதாரணமா ரெண்டு ரெண்டரைதான் இருக்கணும். கம்பிய மேல் பலகையில பிடிச்சிருக்கிற பிரிட்ஜுக்கு பின்னால பலகை வயிறு மாதிரி உப்பி இருந்துச்சு, சவுண்டும் பொத்தி வச்ச மாதிரி. கிட்டார்ல குறைன்னு நினைச்சு கடைக்காரர்கிட்ட சண்டை போடப் போனேன், அவர் என் கிட்டாரை விட்டுட்டு என் வீடு எங்கன்னு கேட்டார், சொன்னேன், "அங்க இருந்தா இப்பிடித்தான் ஆகும், மரம் தண்ணி குடிக்குது"ன்னார்.

அவர் சொன்னது சரி. மரம் காத்துல உள்ள ஈரத்த இழுத்து குறுக்குவாட்டுல வீங்கும், பலகை வீங்கினா பிரிட்ஜ் தூக்கும், பிரிட்ஜ் தூக்கினா கம்பி தூக்கும். கிட்டாருக்கு நல்லது 45ல இருந்து 55 சதவீதம் ஈரப்பதன். சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு வாங்கி அறையில வச்சேன், ஜூலையில 88, 90, சில காலையில 93. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கமெல்லாம் மே கடைசியில பிடிக்கிற தென்மேல் மழை செப்டம்பர் வரைக்கும் விடாது. பண்டாரவளையில அந்த நேரம் மழை குறைவு, நல்ல காத்தும் இருக்கும். அங்க இருக்கிற கூட்டாளி ஒருத்தன் வீட்டுல கிட்டாரை ரெண்டு மாசம் வச்சுப் பார்த்தேன், உப்பல் நல்லாவே இறங்கி கம்பியும் கீழ வந்துச்சு. அதே கிட்டார், அதே கம்பி, இடம் மட்டும்தான் வேற. அந்த நேரத்துல எஃப் 310ல இவ்வளவு மாத்தம் இல்ல, ஒட்டுப்பலகையில மரத்தோட ரேகை ஒண்ணுக்கொண்ணு குறுக்கா இருக்கிறதால வீங்குறது குறைவு. விலை கூடினா தாங்கும்னு நான் நினைச்சது நம்ம மலையில தலைகீழா இருந்துச்சு.

இது எங்க மாமாவுக்கு முன்னாடியே தெரிஞ்ச விசயம். அவர் தப்பு மேளம் அடிப்பார், மாசியில காமன் ரதி கதைய ஆடுற காமன் கூத்துக்கு அவர் இல்லாம எங்க தோட்டத்துல ஆட்டம் கிடையாது. அடிக்கிறதுக்கு முன்னாடி காஞ்ச சருகு, பேப்பர் போட்டு நெருப்பு மூட்டி தப்ப காட்டுவார், திருப்பித் திருப்பி காட்டி விரலால தட்டிப் பார்ப்பார், சவுண்ட் ஏறி கணீர்னு வந்த பிறகுதான் கையில எடுப்பார், நடு ராத்திரியில குளிர் இறங்கினா ஆட்டத்த நிப்பாட்டி திரும்ப காட்டுவார். சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன், சடங்குன்னு நினைச்சிருந்தேன். கிட்டார் உப்பின கதைய சொன்னப்போ மாமா, "மாப்ள, தோலோ மரமோ, ஈரம் ஏறினா ஊமையாயிடும், நீ அதை காய வைக்காம புதுசு புதுசா வாங்கினா எப்பிடி"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கிட்டாரை நெருப்புல காட்ட ஏலாது, ஒட்டின பசை விட்டுடும். நான் செய்யுறது இதுதான். மூடி இறுக்கமா உள்ள ஹார்ட் கேஸ், உள்ள ஈரத்த இழுக்குற சிலிக்கா ஜெல் மணி அரைக் கிலோ ரெண்டு துணிப் பையில, ஈரம் குடிச்சு நீலம் ரோசாவா மாறினா பழைய தகரத் தட்டுல போட்டு அடுப்புச் சூட்டுல காய வச்சு திரும்ப போடுவேன், அந்த தட்டை சமையலுக்கு எடுக்கக் கூடாது, நீல நிறத்துக்கு சேர்க்கிறது நல்ல சாமான் இல்ல. வாசிச்சு முடிச்சா கம்பிய காஞ்ச துணியால துடைச்சு உள்ள வச்சு மூடிடணும், சுவத்துல மாட்டி வைக்கிறது பார்க்க அழகு, நம்ம ஊருக்கு ஆகாது. கம்பியும் கோட்டிங் உள்ளதுதான் போடுறேன். சாதாரண ஃபொஸ்ஃபர் புரோன்ஸ் மழைக்காலத்துல எனக்கு மூணு வாரம் வரும், கோட்டிங் போட்டது மூணு மாசம் வருது, விலை ரெண்டரை மடங்கா இருந்தாலும் லாபம். வருசத்துக்கு ரெண்டு தடவை, மே கடைசியிலயும் டிசம்பர்லயும், கழுத்துக்குள்ள உள்ள ட்ரஸ் ரொட்ங்கிற இரும்புக் கம்பிய அலன் கீயால கால் சுத்து சுத்தி பார்க்கிறேன், ஒரே நாள்ல அதுக்கு மேல சுத்த மாட்டேன். இப்பிடி வச்சதுல கேஸ் உள்ள 55, 60ல நிக்குது, சொலிட் டாப்பும் இப்ப மழைக்காலத்துல வாசிக்கிற நிலைமையில இருக்கு.

ரெக்கோர்டிங் சாமான் 2021ல வாங்கினது, கொரோனா நேரம் விழா ஒண்ணும் இல்ல, வீட்டுலயே பாட்டு எடுத்து போடலாம்னு. மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோட இணைக்கிற ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டி இன்னும் ஒரு குறையும் இல்லாம ஓடுது. கூட வாங்கின கண்டென்சர் மைக் எங்க வீட்டுக்கு ஒத்து வரல, அது சின்ன சத்தத்தையும் விடாது, தகரக் கூரையில தூறல் விழுந்தா பாட்டுக்கு மேல அதுதான் கேக்கும், ஈரம் கூடின நாள்ல படபடன்னு வேற ஒரு சத்தம். அதை வித்து செகண்ட் ஹேண்ட்ல ஷூர் எஸ்எம்57 ஒண்ணு எடுத்தேன், 1965ல இருந்து வர்ற டைனமிக் மைக், கிட்டாருக்கு ஒரு சாண் தூரத்துல வச்சா கிட்டத்துல உள்ளதைத்தான் கூட எடுக்கும், சின்ன மழையில கூட ரெக்கோர்ட் பண்ணலாம். பெரிய மழையில எதாலயும் ஏலாது, மழை விடுற வரைக்கும் இருந்துதான் எடுக்கிறேன்.

2022 பத்தி எல்லாருக்கும் தெரியும். டொலர் 200ல இருந்து 360க்கு போச்சு, கம்பி செட் விலை ரெண்டு மடங்குக்கு மேல, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். ஆம்ப், கீபோர்ட், லேப்டொப் எல்லாம் சும்மா கிடந்துச்சு. அந்த ரெண்டு மூணு மாசம் மெழுகுதிரி வெளிச்சத்துல எஃப் 310 மட்டும்தான். லயத்து பிள்ளைங்க எல்லாம் வாசல்ல வந்து உக்காந்துடுவாங்க, பாடச் சொல்லுவாங்க, பத்து வருசத்துல நான் கூட வாசிச்சது அந்த மாசங்கள்லதான். ஒரு சாமானும் வாங்கணும்னு தோணவே இல்ல, வாங்க காசு இல்லாததால மட்டும் இல்ல, நினைப்பே வரல.

அது என் மனசுல தங்கிடுச்சு. போன வருசம் உக்காந்து பதினொரு பில்லோட திகதியையும் ஒரு கொப்பியில எழுதிப் பார்த்தேன். எட்டு பில்லு மே மாசத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில. அந்த மாசங்கள்ல மழையால விழா குறைவு, குரூப் பொடியன்கள் சேர மாட்டாங்க, கிட்டாரும் ஈரத்துல மந்தமா இருக்கும், நானும் ராத்திரி ஃபோனோட படுத்திருப்பேன். மாசி, சித்திரை, திருவிழாக் காலத்துல மார்ச்ல வாங்கின சொலிட் டாப்ப விட்டா ஒரு பில்லு கூட இல்ல. வாசிக்க ஆள் இருந்து வாசிச்சுக்கிட்டிருந்தா எனக்கு அந்த ஆசை வரல, இதுதான் என் கொப்பியில உள்ள கணக்கு, உங்களோடது வேற மாதிரி இருக்கலாம், ஆனா ஒரு தடவை எழுதிப் பாருங்க. அதுக்கு பிறகு மழைக்காலத்துல கிழமைக்கு ஒரு நாள் ஸ்டோருக்கு பக்கத்துல உள்ள வாசிகசாலையில பொடியன்கள கூட்டி வாசிக்கிறேன், நாலு பேர் வந்தாலும் போதும்.

61 கட்டை கீபோர்ட்ட எங்க ஸ்கூல்ல படிக்கிற பிள்ளை ஒண்ணுக்கு மாசம் 2,000 ரூபா கட்டுறதா பேசி குடுத்தாச்சு. அதோட தாத்தா கோயில்ல ஆர்மோனியம் வாசிச்சவர், பிள்ளைக்கு கை நல்லா வருது, என்கிட்ட தூசி பிடிச்சு கிடந்தது அங்க பின்னேரம் பின்னேரம் கேக்குது.

எஃப் 310, அதுக்கு கம்பி ரெண்டு முனையிலயும் உக்காருற நட்டும் சேடிலும் ஒரு தடவை மாத்தினேன், ஃப்ரெட் ஒரு தடவை தேச்சாச்சு. கண்டிக்கு போனப்போ ஒரு கடையில பன்னிரெண்டு கம்பி கிட்டார் ஒண்ண எடுத்து அரை மணித்தியாலம் வாசிச்சேன், கடைக்காரர் பிளேன் டீ கூட குடுத்தார். பன்னிரெண்டு கம்பின்னா இழுவை கூட, நம்ம ஈரத்துல பலகை எவ்வளவு தாங்கும்னு யோசனை இருக்கு, ஆனா அந்த சவுண்ட் இன்னும் காதுல இருக்கு. டிசம்பர் தாண்டட்டும்னு விட்டிருக்கேன். இந்தப் பக்கத்துல பன்னிரெண்டு கம்பி வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா ரெண்டு மழைக்காலத்துக்கு பிறகு எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க.