வற்றும் ஆறுகளுக்கு எல்எஃப்ஸ்டாட் எவ்வளவு பயன்படும்? தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணியை வைத்து ஒரு மதிப்பீடு

எல்எஃப்ஸ்டாட் (lfstat), புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற கணினி மொழியில் இயங்கும் இலவசத் தொகுப்பு. ஆற்றில் நீர்வரத்து குறையும் காலத்தைக் கணக்கிட உலக வானிலை அமைப்பு வெளியிட்ட கையேட்டின் முறைகளை அப்படியே நிரலாக்கியிருக்கிறார்கள். ஆண்டு முழுக்க ஓடும் ஆறென்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்து ஆறுகளுக்கும் இதைத்தான் பரிந்துரைப்போம். ஆனால் மூன்று இடங்களில் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

உள்ளீடு எளிது. நாள், மாதம், ஆண்டு, ஓட்டம் என நான்கு பத்திகள் போதும். தலைப்புகளை மட்டும் அது கேட்கும் ஆங்கிலச் சொற்களிலேயே தர வேண்டும். ஓட்டம் விநாடிக்குக் கன மீட்டரில் இருக்கட்டும். அணைப் பதிவுகள் கனஅடியில் கிடைத்தால் 35.3ஆல் வகுத்த பிறகே சேர்க்க வேண்டும். இரண்டு அலகும் ஒரே கோப்பில் கலந்துவிட்டால் தொகுப்பு எச்சரிக்காது.

முதல் சிக்கல், காலிக் கட்டங்கள். மார்ச் 28 அன்று 0.6, அடுத்த பதிவு ஜூன் 14 அன்று 0.4, நடுவே 77 நாள் வெற்று என்று வைத்துக்கொள்வோம். விடுபட்ட நாட்களை நிரப்பும் கட்டளையைத் தட்டினால் இரண்டு எண்ணுக்கும் நடுவே நேர்கோடு போட்டு 77 நாளும் விநாடிக்குச் சுமார் அரை கன மீட்டர் ஓடியதாகக் காட்டிவிடும். அந்த நாட்களில் படுகை மணலாகக் காய்ந்து கிடந்திருக்கலாம். ஆகவே ‘அளக்கவில்லை’, ‘ஓட்டமில்லை’ இரண்டையும் நிலையக் குறிப்பேட்டைப் பார்த்துப் பிரித்த பிறகுதான் கணினிப் பக்கம் போக வேண்டும். தடுப்பணைக்கு மேல்புறம் தண்ணீர் தேங்கி நின்றால் அளவுகோல் 0.8 மீட்டர் காட்டும், ஓட்டமோ பூஜ்ஜியம். கடலூரில் முகத்துவாரத்தை ஒட்டி எடுத்த நீர்மட்டத்தைத் தொடவே வேண்டாம், அதில் கடல் ஏற்றவற்றமும் கலந்திருக்கும்.

இரண்டாவது, நீராண்டின், அதாவது ஆற்று நீரைக் கணக்கிடும் 12 மாதச் சுற்றின், தொடக்கம். ஜூன் 1 என்பது இங்கே பழகிய வழக்கம். குறைந்த ஓட்டத்துக்கு அது பொருந்தாது. ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை நீளும் ஒரே வறட்சியை ஜூன் 1 இரண்டாக வெட்டும். மே மாதக் குறைவு ஓர் ஆண்டிலும், ஜூன் மாதக் குறைவு அடுத்த ஆண்டிலும் விழும். ஒரே நிகழ்வு இரண்டு சாட்சியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பரை, அதாவது 11 என்ற எண்ணைத் தொடக்க மாதமாகக் கொடுங்கள். கோடை முழுதாக ஓராண்டுக்குள் அடங்கும்.

மூன்றாவதுதான் பெரியது: பூஜ்ஜியம். ஆண்டின் 95 சதவீத நாட்களில் எட்டப்படும் ஓட்டத்தை இந்தத் துறையில் முதல் அளவாகச் சொல்வார்கள். ஆறு சராசரியாக ஆண்டுக்கு 18 நாளுக்கு மேல் வற்றினாலே அந்த எண் பூஜ்ஜியம். தொடர் 7 நாள் சராசரியின் ஆண்டுக் குறைவுக்கும் இதே கதி. 30 ஆண்டுத் தரவில் 18 ஆண்டுகளின் குறைவு பூஜ்ஜியம் என்றால், தொகுப்பு எச்சரித்துவிட்டு மீதி 12 ஆண்டுக்கு மட்டும் வெய்புல் என்ற புள்ளியியல் பரவலைப் பொருத்தி, பூஜ்ஜிய ஆண்டுகளின் பங்கான 0.6ஐ நிகழ்தகவில் சேர்த்துக்கொள்ளும். முறை சரியானதே. பலன்தான் இல்லை: 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் குறைவு, 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் குறைவு எது கேட்டாலும் விடை பூஜ்ஜியம்.

எனவே கேள்வியையே மாற்ற வேண்டும். ‘எவ்வளவு குறைவு?’ என்பதை விட்டு ‘எத்தனை நாள் வற்றியது?’ என்று கேட்க வேண்டும். வறட்சி நாட்களைப் பிரித்தெடுக்கும் கட்டளைக்கு வரம்பாக விநாடிக்கு 0.05 கன மீட்டர் கொடுத்து, ஒவ்வோர் ஆண்டின் மிக நீண்ட வறட்சியை எடுத்து அதற்குப் பரவல் பொருத்துங்கள். இதில் ஒரு கண்ணி உண்டு. கோடை மழையில் இரண்டு நாள் தண்ணீர் வந்தால் வறட்சி இரண்டாக உடையும். சேர்க்கும் கட்டளை, இடைவெளி 5 நாளுக்குள் இருக்கிறதா என்பதோடு, இடையில் வரம்புக்கு மேல் வந்த மிகை நீர், முந்தைய பற்றாக்குறையில் (வரம்புக்குக் கீழே குறைந்த மொத்த நீரில்) பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்றும் பார்க்கும். 0.05 வரம்பில் 60 நாள் பற்றாக்குறை 2,59,200 கன மீட்டர்தான். இரண்டு நாள் விநாடிக்கு 2 கன மீட்டர் ஓடினாலே மிகை 3,36,960 ஆகிவிடும். சேரவே சேராது. அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தை மிகப் பெரிய எண்ணாக மாற்றினால் சேரும். ஆனால் ஆற்று மணலில் போட்ட குடிநீர்க் கிணறுகளுக்காகக் கணக்கிடுவதாக இருந்தால் சேர்க்காமல் விடுவதே மேல். அந்த இரண்டு நாள் தண்ணீர் மணலில் இறங்கிக் கிணற்றுக்கு உதவியிருக்கும்.

வரைபடங்கள் தெளிவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியோட்டப் பங்கை, அதாவது மொத்த ஓட்டத்தில் நிலத்தடி ஊற்றிலிருந்து வரும் பங்கை, மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 5 நாள் தொகுதிகளின் குறைவுகளை இணைத்துக் கணக்கிடும் முறை அது. சாத்தனூர் அணையிலிருந்து ஒரே சீராகத் தண்ணீர் திறந்தால் அதையும் நிலத்தடி ஊற்று என்றே எண்ணிக்கொள்ளும். சங்கராபரணியில் வீடூர் அணைக்குக் கீழேயும் இதேதான். திறப்பு நாட்களைக் கழித்துவிட்டு, மழையும் திறப்பும் இல்லாத வாரங்களுக்கு மட்டும், ஓட்டம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கும் வடிதல் கணக்கை ஓட்டிப் பாருங்கள். மணல் படுகை தன் இருப்பை வைத்து எத்தனை நாள் ஆற்றை ஓட்டும் என்பது அப்போது தெரியும்.