கணுக்கட்டையை எது பிளக்கும்? சில எந்திரங்களும் ஒரு செயின்சாவும்

விறகு பிளக்கும் எந்திரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது காணொளிகளில்தான். குளிர்நாட்டு பிர்ச் கட்டையை வைப்பார்கள். ஆப்பு பட்டதும் வாழைத்தண்டு மாதிரி இரண்டாகும். அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் எங்கள் பட்டறைக்கு வரும் கட்டைகள் வேறு ரகம்.

சிங்கப்பூரைப் பசுமையாக்கும் தோட்ட நகரத் திட்டம் 1967-ல் தொடங்கியது. சீக்கிரம் நிழல் வேண்டும் என்று அங்சானா மரத்தின் பருத்த கிளைகளையே வெட்டிச் சாலையோரம் நட்டார்கள். தமிழ்நாட்டு வேங்கைக்கு அது பங்காளி. அங்சானா, தூங்குமூஞ்சி, காயா (ஆப்பிரிக்க மகோகனி) இந்த மூன்றும்தான் எங்கள் லாரியில் அதிகம் ஏறுபவை. மூன்றிலுமே இழை நேராக ஓடாது. ஓர் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாயும். போதாக்குறைக்கு, நேரான அடிமரம் பலகை அறுக்கப் போய்விடும். விறகுக்கு மிஞ்சுவது கவையும் கணுவும்தான்.

முதலில் வாங்கியது எண்ணெய் அழுத்தத்தால் ஆப்பைத் தள்ளும், 7 டன் விசையுள்ள மின்சார எந்திரம். 2.2 கிலோவாட் மோட்டார், சாதாரண 13 ஆம்பியர் பிளக். விலை குறைவு, சத்தம் குறைவு, ஓரமாகத் தள்ளி வைக்கலாம். ஒரு சாண் விட்டமுள்ள ரப்பர் மரக் கட்டை என்றால் சமர்த்தாகப் பிளக்கும். கணுவுள்ள அங்சானாவை வைத்தால் ஆப்பு நான்கு விரல் இறங்கி நின்றுவிடும், மோட்டார் முனகும், பிறகு மாட்டிய கட்டையைக் கழற்றச் சம்மட்டி தேட வேண்டும். நீளமான ஒயர் இழுத்து ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் கிளம்பவே அடம்பிடிக்கும். இரண்டு மாதத்தில் விற்றுவிட்டேன்.

அடுத்தது சுழல்சக்கர எந்திரம். நண்பர் ஒருவரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். இதில் எண்ணெய் அழுத்தம் கிடையாது. கனமான இரண்டு சக்கரங்கள் சுழன்று சேர்த்து வைத்த வேகத்தைப் பல்சட்டம் வழியாக ஒரே மூச்சில் கட்டையில் இறக்கும். இரண்டு மூன்று வினாடியில் வேலை முடியும். பொங்கல் பானைக்கு மெல்லிசாகச் சிராய் போடுவதானால் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் அந்த வேகம் ஓர் அடியில் தீர்ந்துவிடும். கணுவில் நின்றால் பின்வாங்கி மறுபடி அடிக்க வேண்டும், மூன்றாவது முறையும் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் சட்டம் அதிர்கிறது, கட்டை துள்ளுகிறது. எங்கள் கட்டைக்கு இது பொருந்தாது.

சரி, பெரிய ஹைட்ராலிக்குக்கு, அதாவது எண்ணெய் அழுத்த எந்திரத்துக்கு வருவோம். விசை குறைந்துபோகாமல் கடைசிவரை அழுத்திக்கொண்டே இருப்பதுதான் இதன் பலம். ஆனால் ஒட்டியிருக்கும் டன் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. ஒரு கடையில் 30 டன் என்று ஸ்டிக்கர். சிலிண்டரின் உள்விட்டம் கேட்டேன், 10 சென்டிமீட்டர். அழுத்தம் 200 பார். பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் சுமார் 204 கிலோ விசை. பெருக்கினால் 16 டன். மீதி 14 டன் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருந்தது. அதே அழுத்தத்தில் உள்விட்டம் 12.5 ஆனால்தான் 25 டன் வரும். கணுக்கட்டைக்கு அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

பம்ப் இரண்டு கட்டமாக வேலை செய்ய வேண்டும். கட்டையைத் தொடும்வரை நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெய் தள்ளி ஆப்பை வேகமாக நகர்த்தும். எதிர்ப்பு வந்ததும் 10 லிட்டருக்கு இறங்கி முழு அழுத்தம் கொடுக்கும். 60 சென்டிமீட்டர் ஓட்டத்துக்கு முதல் கட்டத்தில் 11 வினாடி. முழுக்க இறுகினால் முக்கால் நிமிடம். மெதுதான், ஆனால் பிளக்கும்.

அதைவிட முக்கியம், எந்திரம் செங்குத்தாக நிற்குமா என்பது. 60 சென்டிமீட்டர் விட்டம், 45 சென்டிமீட்டர் உயரமுள்ள பச்சை முண்டு ஏறக்குறைய 120 கிலோ வரும். அதை மேடையில் தூக்கி வைக்க இரண்டு தம்பிகள் வேண்டும், அப்புறம் இரண்டு இடுப்புப் பட்டையும் வேண்டும். செங்குத்தாக இருந்தால் உருட்டிக் கொண்டுபோய் ஆப்புக்குக் கீழே நிறுத்தலாம். நடுவில் பிளக்காமல் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வந்தால் பாதிச் சிக்கல் தீரும். நான்குமுனை ஆப்பு இனாமாகத் தருகிறோம் என்பார்கள். கணுவுக்கு அதை மாட்டவே மாட்டாதீர்கள், இருக்கும் விசையும் பங்கு பிரிந்துபோகும்.

பெட்ரோலா மின்சாரமா? இந்த அளவு பம்ப்பை ஓட்ட 4 கிலோவாட்டுக்கு மேல் தேவை. 13 ஆம்பியர் பிளக்கில் கிடைப்பது 3 கிலோவாட்தான். ஆகவே 400 வோல்ட் மும்முனை இணைப்பு இருந்தால் மின்சாரம், இல்லையென்றால் பெட்ரோல். கூரையும் சுவரும் உள்ள பட்டறைக்குள் பெட்ரோல் எந்திரம் ஓட்டாதீர்கள், புகை ஆளைச் சாய்த்துவிடும். நான் மும்முனை எடுத்தேன். எண்ணெயின் கெட்டித்தன்மை சிங்கப்பூர்ச் சூட்டுக்கு 46-ஆம் எண். குளிர்நாட்டு 32 இங்கே தண்ணீராகிவிடும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியாக எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிடும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

எக்ஸ்கவேட்டரில் மாட்டும் திருகு ஆப்பும் ஒன்று உண்டு. கட்டைக்குள் சுழன்று இறங்கி நெட்டிப் பிளக்கும். ஓட்டுநர் கேபினுக்குள் இருப்பதால் கைக்கு ஆபத்து குறைவு. ஏற்கெனவே வண்டி வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு அதுதான் சிறந்தது. எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

25 டன்னும் தோற்கும் கவைக்கட்டை மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். அதைப் படுக்க வைத்து, இழை போகும் போக்கில் செயின்சாவால் பாதிவரை அறுத்துவிட்டு, அந்த வெட்டில் ஆப்பை இறக்குவோம். நூடுல்ஸ் மாதிரி சீவல் பறக்கும். மழைக்காலத்தில் அதை அள்ளித்தான் பட்டறை வாசல் சேற்றில் போடுகிறோம்.