வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல்: யாருக்கு உங்களைப் பற்றி எவ்வளவு தெரியும்?

எந்த மெசேஜ் ஆப் பாதுகாப்பானது என்று கேட்டால் உடனே வரும் பதில், "என்கிரிப்ஷன் இருக்கான்னு பாரு." இது பாதிப் பதில்தான். எழுதியதை நடுவில் இருப்பவர் படிக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. யாரிடம், எந்த நேரத்தில், எத்தனை தடவை பேசினீர்கள் என்பதை யார் குறித்து வைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஒட்டிய கவருக்குள் இருக்கும் கடிதம் முதலாவது, கவர் மேல் இருக்கும் விலாசமும் முத்திரையும் இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். ஒருவர் காலையில் மனநல மருத்துவருக்கும் மதியம் விவாகரத்து வக்கீலுக்கும் ராத்திரி அக்காவுக்கும் மெசேஜ் போட்டார் என்று தெரிந்துவிட்டால், உள்ளே என்ன எழுதினார் என்று படிக்கவே வேண்டாம். அமெரிக்க உளவு அமைப்புகளான என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்தே ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014-ல் ஒரு விவாத மேடையில் பச்சையாகவே சொன்னார். அதனால் நான் மூன்று ஆப்களையும் இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் வாட்ஸ்அப். கடிதத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. 2016 ஏப்ரலில் இருந்து எல்லாச் சாட்டும், குரூப் உட்பட, எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில்தான், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத பூட்டில்தான் போகிறது, அதற்குப் பயன்படுவதும் சிக்னலின் புரோட்டோகால், அதாவது பூட்டும் முறைதான். வில்லங்கம் கவரில் இருக்கிறது. ஐபி முகவரி (இன்டர்நெட்டில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), போன் மாடல், குரூப் பெயர், எவ்வளவு அடிக்கடி ஆப்பைத் திறக்கிறீர்கள் என எல்லாம் கம்பெனிக்குத் தெரியும், அந்தக் கம்பெனியோ 2014-ல் சுமார் 1,900 கோடி டாலருக்கு இதை வாங்கிய ஃபேஸ்புக், இன்றைய மெட்டா, அதாவது விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனி. 2021 ஜனவரியில் புதுத் தனியுரிமைக் கொள்கையை ஏற்றுக்கொள் என்று திரையில் வந்தபோது உலகமே கொந்தளித்தது, கெடுவைப் பிப்ரவரி 8-லிருந்து மே 15-க்குத் தள்ளிப்போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபேஸ்புக்கோடு தகவலைப் பகிர்வது 2016-லேயே ஆரம்பித்துவிட்டது, அப்போது பெரும்பாலானவர்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

டெலிகிராம் விஷயத்தில்தான் ஜனங்கள் ரொம்ப ஏமாறுகிறார்கள். ரகசியத்துக்குப் பேர்போன ஆப் என்ற பிம்பம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. சாதாரணமாக நீங்கள் அதில் அனுப்பும் எந்த மெசேஜுக்கும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் கிடையாது, அவை அவர்களுடைய சர்வரில் உட்கார்ந்திருக்கின்றன, சாவியும் அவர்களிடமே இருக்கிறது. புதுப் போனில் லாகின் செய்தவுடன் பழைய சாட் எல்லாம் கடகடவென்று வந்து நிற்கிறதே, அது எப்படி முடிகிறது என்று யோசித்தாலே விஷயம் புரியும். நிஜமான பூட்டு வேண்டுமென்றால் எதிராளியின் புரொஃபைலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவைத் தட்டி, 'சீக்ரெட் சாட்' என்று தனியாக ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. குரூப்புக்கு அந்த வசதியே இல்லை. இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் யார்? 2024 ஆகஸ்டில் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானார், அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதிமீறுபவர்களின் ஐபி முகவரியையும் போன் நம்பரையும் கொடுப்போம் என்று கொள்கையை மாற்றினார்கள். செய்தி படிக்க, சேனல் பார்க்க டெலிகிராம் அருமை. சொந்த விஷயம் பேச அது இடமில்லை.

சிக்னலுக்கு நான் சாட்சியாகக் காட்டுவது ஒரு கோர்ட் சமாச்சாரத்தை. 2016-ல் அமெரிக்காவில் விர்ஜீனியாவில் இருந்து, பயனர் பற்றிய தகவலைக் கொடு என்று சம்மன் வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சர்வரோடு இணைந்தது. சேர்த்தே வைக்காததை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க முடியாது இல்லையா. நடத்துவது லாப நோக்கமில்லாத அறக்கட்டளை, 2018-ல் அதற்கு 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தவர் வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன். குறை? கணக்குத் தொடங்க இன்னும் போன் நம்பர் வேண்டும், 2024-ல் யூசர்நேம் வந்த பிறகு அதை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம், அவ்வளவுதான். பெரிய குறை, நீங்கள் பேச வேண்டிய ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருக்க மாட்டார்கள்.

போனுக்குள்ளேயே உளவு மென்பொருள் புகுந்துவிட்டால் இந்த மூன்றில் எதுவும் காப்பாற்றாது. 2019-ல் வாட்ஸ்அப் கால் வசதியில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 1,400 போன்களில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருளை இறக்கினார்கள், என்கிரிப்ஷனை உடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சரி, எதை வைத்துக்கொள்வது? உடம்பு, பணம், வழக்கு, காதல் இதெல்லாம் சிக்னலில். மற்ற ஊர்வம்புக்கு வாட்ஸ்அப் போதும், ஆனால் செட்டிங்ஸில் சாட் பேக்கப்புக்குப் போய் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனை நீங்களே ஆன் செய்ய வேண்டும், 2021-லேயே வந்த இந்த வசதி தானாக ஆன் ஆகாது, அதுவரை கிளவுடில் இருக்கும் பிரதிக்கு அந்தப் பூட்டு இல்லை. அப்போது நீங்களே ஒரு பாஸ்வேர்டு வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். அதை எங்காவது எழுதி வையுங்கள், தொலைத்தால் மெட்டாவாலும் மீட்டுத் தர முடியாது.